மதிய மாத்திரை மட்டும் ஏன் வேலை செய்வதில்லை?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நான்கு வருடமாக நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்). சின்டோபா 110 மாத்திரையைக் காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு எட்டு என மூன்று வேளை சாப்பிடுகிறார். காலை மாத்திரை போட்ட முக்கால் மணி நேரத்தில் தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு வாக்கிங் போய்விட்டு வருகிறார். லேசாகக் குமட்டும், சமாளித்துக்கொள்வார். மதியம் அந்தக் குமட்டலுக்குப் பயந்து வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. அது பச்சைத் தண்ணீர் குடித்த மாதிரி ஒன்றுமே செய்வதில்லை. நாலு மணிக்கு நாற்காலியிலிருந்து எழ ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. உடம்பு இளைக்கிறாரே என்று இரண்டு மாதமாக மதியச் சாப்பாட்டோடு இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், புரோட்டீன் பவுடர் கலந்த பால் எல்லாம் கொடுக்கிறோம். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும் அப்போதுதான். சித்தப்பா பூனைக்காலி விதைப் பொடி நல்லது என்று வாங்கியே வந்துவிட்டார். டோஸைக் கூட்டினால் பிற்காலத்துக்கு மருந்தே இருக்காது என்று அம்மா பயப்படுகிறார். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவதுதானே இந்த நோய்? டோபமைனையே ஊசியாகப் போட்டுவிட்டால் என்ன? இது எனக்கும் வருமா?
— ஒரு மகள், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பெரும்பாலும் அந்தச் சுண்டலும் முட்டையும்தான் மாத்திரைக்கு வழிவிடாமல் நிற்கின்றன. கூடவே இரும்பு மாத்திரையும். அப்பாவுக்கு நோய் முற்றிவிட்டதோ என்று நீங்கள் பயந்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. காலையில் அதே மாத்திரை, அதே அளவில், அதே மனிதரைப் பொத்தான் போட வைக்கிறது என்றால், மூளை இன்னும் மருந்துக்கு நன்றாகவே பதில் சொல்கிறது என்று பொருள். மதியம் மருந்து மூளைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஊசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

டோபமைன் ஊசி இருக்கிறது. ஐ.சி.யு.வில் ரத்த அழுத்தம் சரிந்து கிடக்கும் நோயாளிக்கு ட்ரிப்பில் அதை ஏற்றுவதுண்டு. இதயம் வேகமாகத் துடிக்கும், அழுத்தம் ஏறும். ஆனால் எத்தனை பாட்டில் ஏற்றினாலும் நடுக்குவாதக்காரரின் கை உதறல் இம்மியும் குறையாது. காரணம், அது மூளைக்குள் நுழைவதே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். ஈரல், சிறுநீரகம், தசை எல்லாம் நிறம் பிடித்தன. மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர்ச் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருப்பதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. மற்ற உறுப்புகளில் பொருள்கள் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே கசிந்து போய்விடும். இங்கே அது நடக்காது. ஆக்சிஜன் போன்ற வாயுக்களும் கொழுப்பில் கரையும் சில பொருள்களும் தாமாக நுழையும். மற்றவை உள்ளே போக வேண்டுமானால், ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று வைத்திருக்கும் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். குளுகோஸுக்கு ஒரு வாசல் உண்டு. அமினோ அமிலங்களுக்கும் உண்டு. டோபமைனுக்கு இல்லை.

அதனால் மூளை தனக்கு வேண்டிய டோபமைனைத் தானே சமைத்துக்கொள்கிறது. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு கறுத்த பகுதி இருக்கிறது. அந்த லத்தீன் பெயருக்கே கரும்பொருள் என்றுதான் அர்த்தம். டைரோசின் என்பது பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் கிடைக்கும் சாதாரண அமினோ அமிலம். அந்தக் கறுத்த செல்களில் ஒரு நொதி இதன்மேல் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்து லெவோடோபா ஆக்குகிறது. இன்னொரு நொதி லெவோடோபாவிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட, டோபமைன் தயார். முதல் வேலைதான் மெதுவானது. அந்த நொதி எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவுதான் உற்பத்தி. நடுக்குவாதத்தில் இந்தக் கறுத்த செல்கள் வருடக்கணக்காகச் செத்துக்கொண்டே வருகின்றன. முதல் நடுக்கம் கண்ணில் படும்போது அவற்றில் பெரும்பங்கு போயிருக்கும். செல்லோடு அந்த முதல் நொதியும் போகிறது.

அப்படியானால் முதல் படியைத் தாண்டி, லெவோடோபாவையே வெளியிலிருந்து கொடுத்தால்? இதுதான் உங்கள் கேள்விக்குச் சரியான வடிவம். 1950-களிலேயே கேட்கப்பட்ட கேள்வி இது. அதற்கு வழி திறந்ததில் நம்மூர்ச் செடி ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் கொடுத்தார்கள். சிலருக்கு நடுக்குவாதம் மாதிரியே உடல் இறுகியது. ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை காது தொங்கி, அசையாமல், வைத்த இடத்திலேயே கிடந்தன. லெவோடோபா ஊசி போட்டதும் கொஞ்ச நேரத்தில் எழுந்து திரிந்தன. 1957-இல் வெளியான அந்த வேலைக்கும் அதைத் தொடர்ந்து அவர் செய்தவற்றுக்கும் 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. 1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும், இறந்துபோன நடுக்குவாத நோயாளிகளின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். மறுவருடமே ஹோர்னிகீவிச் தந்த லெவோடோபாவை பிர்க்மாயர் என்ற மருத்துவர் நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்றினார். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நிற்கவே முடியாதவர்கள் நடந்தார்கள். சில மணி நேரத்துக்குத்தான். மாத்திரையாகக் கொடுத்து, மிகக் குறைவாக ஆரம்பித்துப் பொறுமையாக ஏற்றி, பலன் நிலைக்கும்படி செய்து காட்டியவர் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் கோட்சியாஸ். 1967-இல் அவர் கொடுத்த அளவு நாளொன்றுக்குப் பல கிராம்! உங்கள் அப்பா இன்று சின்டோபாவில் சாப்பிடும் லெவோடோபா நாளொன்றுக்கு மொத்தமே 300 மில்லிகிராம்.

இவ்வளவு வித்தியாசம் ஏன்? உங்கள் அப்பாவின் குமட்டலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கார்பன் டை ஆக்சைடைக் கழற்றுகிற அந்த இரண்டாவது நொதி மூளையில் மட்டும் இல்லை. குடலில், ஈரலில், சிறுநீரகத்தில் எங்கும் இருக்கிறது. வெறும் லெவோடோபாவை விழுங்கினால் அதில் பெரும்பகுதியை இவை வழியிலேயே டோபமைன் ஆக்கிவிடும். அப்படி ஆன டோபமைனுக்குத்தான் மூளையின் வாசல் கிடையாதே. உள்ளே போய்ச் சேர்வது நூறில் ஓரிரு பங்குதான். மிச்சம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டு வாந்தியைக் கிளப்பும். வாந்தியைத் தூண்டும் மையம் மூளையின் அடியில், அந்த இறுக்கமான தடுப்புக்கு வெளியே இருக்கிறது. ரத்தத்தில் நஞ்சு கலந்தால் உடனே தெரிந்துகொள்ள உடல் செய்துவைத்த ஏற்பாடு அது. ரத்தத்தில் திரியும் டோபமைன் அதைத்தான் போய்த் தட்டுகிறது.

இதற்கு மாற்றாகச் சேர்த்ததுதான் கார்பிடோபா. வெளியில் இருக்கும் அந்த நொதியை அது கட்டிப்போடும். ஆனால் மூளைக்குள் அது நுழையாது, அதனால் உள்ளே நொதி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததும் லெவோடோபாவின் தேவை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. முதலில் வந்த கூட்டு மாத்திரைக்கு சினெமெட் என்று பேர் வைத்தார்கள். லத்தீனில் 'வாந்தி இல்லாமல்' என்று அர்த்தம். மருந்து கம்பெனிகள் வைத்த பெயர்களில் உருப்படியான சிலவற்றில் இது ஒன்று.

இப்போது அப்பாவின் மாத்திரை அட்டையைப் பாருங்கள். 110 என்றால் கார்பிடோபா 10, லெவோடோபா 100 மில்லிகிராம். மூன்று வேளைக்குக் கார்பிடோபா 30 மில்லிகிராம்தான் ஆகிறது. வெளியில் இருக்கும் நொதியைச் சரியாகக் கட்டிப்போட நாளொன்றுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை வேண்டும். அதைவிடக் குறைந்தால் குமட்டல் வருவது வழக்கம். 25-க்கு 100 என்ற விகிதத்திலும் இதே மருந்து கிடைக்கிறது. லெவோடோபா அதே அளவு, கார்பிடோபா மட்டும் அதிகம். அடுத்த முறை போகும்போது, 'மாத்திரை போட்டால் குமட்டுகிறது, கார்பிடோபா கூடுதலாக உள்ள மாத்திரைக்கு மாற்றலாமா' என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பழைய மாத்திரையையும் புதியதையும் தவறிப்போய்ச் சேர்த்துச் சாப்பிடுவதும் நடக்கிறது, ஆகவே மருந்துக் கடையில் நீங்களாகவே மாற்றி வாங்க வேண்டாம்.

அதே மருந்துக் கடையில் 'வாந்திக்கு ஒன்று கொடுங்க' என்றும் கேட்டுவிடாதீர்கள். சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் மெட்டோக்ளோபிரமைடு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின் இரண்டும் மூளைக்குள் நுழைந்து டோபமைன் போய் உட்காரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். நல்ல ஆளுக்கே நாள்பட்டுக் கொடுத்தால் கை கால் இறுகிப்போகும். நடுக்கம் வந்துவிட்டது என்று என்னிடம் அழைத்து வரப்பட்ட பலரில், மாதக்கணக்காக விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த தலைசுற்றல் மாத்திரையை நிறுத்தியதும் சரியாகிப் போனவர்கள் உண்டு. அப்பாவுக்கு ஏற்கெனவே இருக்கிற நோயில் அது எரிகிற வீட்டில் எண்ணெய். எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும், பல் பிடுங்கவே போனாலும், நடுக்குவாதம் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, மதியத் தட்டுக்கு வருவோம்.

மூளையின் வாசல்களில் லெவோடோபாவுக்கென்று தனி வாசல் கிடையாது. அது டைரோசினுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போல இருப்பதால், அமினோ அமிலங்களுக்கான வாசலில் புகுந்து போகிறது. அதே வாசலில் லியூசின், ஐசோலியூசின், வேலின், ஃபினைல்அலனின், டிரிப்டோஃபான், டைரோசின் என்று ஒரு கூட்டமே நிற்கும். யார் அதிகமாக வந்து நெருக்குகிறார்களோ அவர்கள் முதலில் உள்ளே போவார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு பஸ் வந்தால் என்ன ஆகும், அதுதான். பிறவியிலேயே ஃபினைல்அலனினைச் செரிக்க முடியாத சில குழந்தைகளுக்கு இந்த வாசலில் அது ஒன்றே மண்டிக்கொண்டு, மற்ற அமினோ அமிலங்கள் மூளைக்குப் போவது தடைபடும். அவ்வளவு கறாரான வாசல் இது. சிறுகுடலிலிருந்து ரத்தத்துக்குள் போகும் இடத்திலும் இதே போட்டி ஒருமுறை நடந்து முடிந்திருக்கும். ஆக, மாத்திரைக்கு இரண்டு தடவை நெரிசல்.

கணக்குப் பார்ப்போம். இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம் புரதம். ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டலில் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம். பவுடர் டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போதைக்குப் பத்து கிராம் என்று வைத்துக்கொள்வோம். சாம்பாரையும் தயிரையும் விட்டுவிட்டாலும் 40 கிராம், அதாவது 40,000 மில்லிகிராம். எதிரே நிற்கும் லெவோடோபா 100 மில்லிகிராம். புரதம் முழுவதும் அந்த வாசலுக்கு வராது என்றாலும் போட்டி எப்படியிருக்கும் என்று தெரிகிறதல்லவா? அதிலும் பால் புரதத்திலிருந்து செய்யும் பவுடர்களில் லியூசின் தாராளமாக இருக்கும்.

இன்னொன்று, வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும். லெவோடோபா வயிற்றில் உறிஞ்சப்படுவதில்லை, சிறுகுடலின் முதல் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தால்தான். நடுக்குவாதத்தில் வயிறு காலியாவதே மந்தம். மலச்சிக்கல் இருந்தால் இன்னும் மோசம் (அப்பாவுக்கு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், இந்த நோயில் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே அது ஆரம்பித்துவிடும்). இரும்பு விஷயம் தனி. இரும்பு அயனி லெவோடோபாவை அப்படியே பிடித்துக் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்ட இரண்டும் உறிஞ்சப்படாமல் வெளியே போகும். அதாவது மதியம் நீங்கள் கொடுக்கிற இரண்டு மாத்திரையும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டிருக்கின்றன. ரத்தமும் சரியாக ஏறியிருக்காது.

என்ன செய்யலாம்? மதிய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முதல் முக்கால் மணி நேரம் முன்பே, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு கொடுங்கள். ஒரு மணிக்கு மாத்திரை, ஒன்றே முக்காலுக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். குமட்டினால் கூடவே இரண்டு ரஸ்க், ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி பொரி மாதிரி புரதம் குறைந்த ஏதாவது கொறிக்கட்டும். வாழைப்பழத்தில் வைட்டமின் பி6 இருக்கிறது, கூடாது என்று யாராவது சொல்வார்கள். கார்பிடோபா இல்லாத காலத்தில் சொன்னது அது. அந்த இரண்டாவது நொதிக்கு பி6 துணை என்பதால், அப்போது பி6 மாத்திரை சாப்பிட்டால் வெளியிலேயே லெவோடோபா சீக்கிரம் மாறிப்போகும். இன்று ஒரு வாழைப்பழத்துக்குப் பயப்பட வேண்டாம். இரும்பு மாத்திரையைக் காலை பத்தரை மணிக்கு மாற்றுங்கள். எந்த வேளை சின்டோபாவுக்கும் முன்னும் பின்னும் இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும்.

அதோடு ஒரு கேள்வி. 68 வயது ஆணுக்கு ரத்தம் ஏன் குறைந்தது என்று பார்த்தார்களா? இந்த வயதில் இரும்புச்சத்து குறைந்தால் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேடாமல் மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது சரியில்லை. பி12 அளவும் பார்க்க வேண்டும். உடம்பு வேறு இளைக்கிறது என்கிறீர்கள். நடுக்குவாதத்தில் மணம் தெரியாமல் போவதால் சாப்பாட்டில் பிடிப்பு குறையும், மெல்லவும் விழுங்கவும் நேரமாகும், அதனால் இளைப்பது உண்டுதான். அதற்காக எல்லாவற்றையும் இந்த நோயின் தலையில் கட்டிவிடக் கூடாது. மதிய மாத்திரையைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது. தள்ளிப்போடாதீர்கள்.

இளைக்கிற மனிதருக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் அளவுக்காவது அவருக்குப் புரதம் வேண்டும். அறுபது கிலோ எடை என்றால் அறுபது கிராம். அதை எப்போது கொடுப்பது என்பதுதான் பேச்சு. முதலில் நேரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு மேல் அதுவே போதும் என்பது என் அனுபவம். போதவில்லை என்றால் பகலில் சாதம், இட்லி, காய்கறி, ரசம் என்று வைத்துக்கொண்டு, முட்டையையும் சுண்டலையும் பாலையும் இரவுக்குத் தள்ளலாம். நடமாட்டம் அதிகம் தேவைப்படாத நேரம் அது. ஆனால் இரவு மாத்திரைக்கும் அதே இடைவெளி வேண்டும். எட்டு மணி மாத்திரையை ஏழுக்குக் கொண்டுவந்தால் எட்டு மணிக்கு நிம்மதியாகச் சாப்பிடலாம். ராத்திரி படுக்கையில் புரளவே முடியவில்லை என்று சொன்னால் இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும்.

இனி சித்தப்பா. அவரை மட்டம் தட்டும் பதிலை நீங்கள் எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான். பூனைக்காலி விதையில் இருப்பது லெவோடோபாவேதான். 'அது மாதிரி' ஒன்று இல்லை, அதே மூலக்கூறு. இதைக் கண்டறிந்து பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். 1937-இல், பயோகெமிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். கார்ல்சனின் முயல்கள் எழுந்து நடப்பதற்கு இருபது வருடம் முன்னால்! நடுக்குவாதத்துக்கு லெவோடோபா மருந்தாகும் என்பது உலகில் யாருக்கும் தெரியாத காலம். ஐரோப்பாவில் அதற்கு முன் 1913-இலேயே ஒருவகை அவரை விதையிலிருந்து இதே பொருளை எடுத்திருந்தார்கள், அதுவும் பயன் தெரியாமல் அலமாரியில் கிடந்தது. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது இந்த 1937-ஐச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

பூனைக்காலி வேலை செய்யுமா என்றால், செய்யும். 2004-இல் லண்டனில் எட்டே நோயாளிகளை வைத்து நடத்திய ஒரு கண்மறைப்புச் சோதனையில் (யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது), 30 கிராம் பூனைக்காலித் தயாரிப்பு கொடுத்தபோது வழக்கமான மாத்திரையைவிடச் சீக்கிரமே பலன் தொடங்கியது, நீடித்த நேரமும் அதிகம். ஆனால் அந்த 30 கிராமில் இருந்த லெவோடோபா சுமார் 1,000 மில்லிகிராம். உங்கள் அப்பா மூன்று நாளில் சாப்பிடுவதைவிட அதிகம், ஒரே வேளையில். கார்பிடோபா இல்லாமல் விதையாகச் சாப்பிட்டால் அவ்வளவு தேவைப்படுகிறது, வாந்தியும் அதற்கேற்ப. என் தயக்கமே இங்கேதான். அப்பாவின் உடம்பில் ஏற்கெனவே கார்பிடோபா இருக்கிறது. அதன் மேல் பொடியைக் கொடுத்தால் வெளியில் வீணாக வேண்டிய லெவோடோபாவும் சேர்ந்து உள்ளே போகும். பொட்டலத்துக்குப் பொட்டலம் விதையின் சத்து வேறு. ஸ்பூனில் அள்ளுவது இன்று ஒரு அளவு, நாளை ஒரு அளவு. கூடிப்போனால் உடம்பு தானாக நெளியும், எழுந்து நின்றால் அழுத்தம் சரிந்து தலைசுற்றி விழுவார், ராத்திரியில் இல்லாத ஆள் இருப்பதாகச் சொல்வார். சின்டோபாவை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறலாமே என்று சித்தப்பா அடுத்துச் சொன்னால் அதற்கும் தலையாட்டாதீர்கள். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் உடல் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சித்த மருத்துவரிடம் காட்டுவதானால் தாராளமாகக் காட்டுங்கள். சாப்பிடுகிற மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே என்ன கொடுத்தார்கள் என்பதை உங்கள் நரம்பியல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரியாமல் கொடுப்பதுதான் பிரச்சினை.

அம்மாவின் பயம் மிகப் பழையது. ஒருகாலத்தில் டாக்டர்களே அப்படி நம்பி, மருந்தைத் தள்ளிப்போட்டார்கள். அதில் ஒரு உண்மை மயங்கிக் கிடக்கிறது. மேல்தொட்டி உள்ள வீட்டில் காலையில் ஒருமுறை தண்ணீர் ஏற்றிவிட்டால் நாள் முழுக்கக் குழாயில் வரும். தொட்டி இல்லாத வீட்டில் தெருக்குழாயில் வரும்போது பிடித்தால்தான் உண்டு. நோயின் ஆரம்பத்தில் மிச்சமிருக்கும் கறுத்த செல்கள் வருகிற லெவோடோபாவை டோபமைனாக்கிச் சேமித்துவைத்து, வேண்டியபோது கொஞ்சம் கொஞ்சமாக விடும். ரத்தத்தில் லெவோடோபா ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்றாலும் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. செல்கள் குறையக் குறையத் தொட்டி சுருங்குகிறது; மாத்திரை ரத்தத்தில் இருக்கும்வரைதான் கை கால் ஓடும். 'பவர் இறங்கிடுச்சு' என்று நோயாளிகள் சொல்வது அந்த நேரத்தைத்தான். தொட்டியைச் சுருக்குவது நோய். மருந்தின் மேல் பழி போடுவதில் நியாயமில்லை. நெதர்லாந்தில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில் பாதிப் பேருக்கு உடனேயும், மீதிப் பேருக்கு 40 வாரம் கழித்தும் லெவோடோபா தொடங்கினார்கள். ஒன்றரை வருட முடிவில் இரு பக்கமும் ஒரே நிலை. முன்னால் தொடங்கியதால் நோய் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனவே தேவைப்படும்போது அளவைக் கூட்டுவதற்கு அம்மா பயப்பட வேண்டாம். நான்கு வருடமாகிவிட்டது, காலை மாத்திரைக்கும் மதிய மாத்திரைக்கும் நடுவே எட்டு மணி நேர இடைவெளி அப்பாவுக்கு இனி நீளமாகவே படும். அதே மொத்த அளவை நான்கு வேளையாகப் பிரிப்பதா, கூட்டுவதா என்பதை நேரில் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆனால் மதிய நெரிசலைச் சரிசெய்யாமல் அளவைக் கூட்டினால், அது மதியத்துக்குப் பற்றாமலும் காலைக்கு அதிகமாகவும் போய்விடும்.

உங்களுக்கு வருமா? பெரும்பாலானவர்களுக்கு இது வழிவழியாக வருவதில்லை. சில குடும்பங்களில் மரபணு மாற்றத்தால் வருவதுண்டு. 1997-இல் இத்தாலியக் குடும்பம் ஒன்றில் ஆல்பா சினியூக்ளின் என்ற புரதத்தின் மரபணுவில் அப்படியொரு மாற்றத்தைக் கண்டார்கள். மரபணு மாற்றமே இல்லாதவர்களின் மூளையிலும் இந்தப் புரதம் செல்லுக்குள் கட்டியாகத் திரண்டு கிடப்பது அதே ஆண்டு தெரியவந்தது. அது ஏன் திரள்கிறது என்பதில்தான் இன்றைய ஆராய்ச்சியில் பாதி ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் இன்னும் ஓரிருவருக்கு இருந்தாலோ, நாற்பது வயதுக்கு முன்பே யாருக்காவது தொடங்கியிருந்தாலோ எழுதுங்கள், அப்போது பேசலாம். அப்பா ஒருவருக்கு மட்டும், அதுவும் 64 வயதில் என்றால், உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. பரிசோதனை எதுவும் இப்போது தேவையில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஒரு வாரத்துக்கு எழுதி வையுங்கள்: மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, கை எப்போது திறந்தது, எப்போது இறுகியது, குமட்டல் உண்டா, மலம் கழித்தாரா. அம்மாவே எழுதலாம், கூடவே இருப்பவர் அவர்தானே. முதல் மூன்று நாள் இப்போது நடக்கிறபடியே நடக்கட்டும். நான்காம் நாளிலிருந்து மதிய மாத்திரையை ஒரு மணிக்கும் இரும்பை பத்தரைக்கும் மாற்றுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். பூனைக்காலிப் பொட்டலத்தையும்தான்.